ஆறு கோப்பைகள் யாருடையவை: பெலிச்சிக்கா, பிரேடியா?

2002 பிப்ரவரி 3. நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் முடிய இன்னும் 1 நிமிடம் 21 வினாடிகளே இருக்கின்றன. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 17, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 17. பந்து பேட்ரியாட்ஸ் கையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் நிற்பதோ தங்கள் பக்கத்தின் 17 கெஜக் கோட்டில். ஆட்டத்தை நிறுத்தி மூச்சுவிட டைம்-அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை. தொலைக்காட்சி வர்ணனையில் இருந்த ஜான் மேடன், தாமே பயிற்சியாளராக சூப்பர் பௌல் வென்றவர். பந்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்திக் கூடுதல் நேரத்துக்குப் போவதே புத்திசாலித்தனம் என்றார். அன்று அந்த அரங்கில் இருந்த பெரும்பாலானோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் ஆடச் சொன்னார். பந்தை எறியும் குவாட்டர்பேக், 24 வயது டாம் பிரேடி ஆடினார். குட்டையான பாஸ்கள் சில, டிராய் பிரவுனுக்கு 23 கெஜம், பிறகு இன்னொரு ஆறு கெஜம். மொத்தம் 53 கெஜம் முன்னேறியபின், கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தைத் தரையில் அடித்தார் பிரேடி. மிச்சம் 7 வினாடிகள். தரையில் பட்டு எழும்பிய பந்தை, தெருவில் விளையாடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் பையனைப்போல, ஒரு கையால் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டார். அதன்பின் ஆடம் வினாட்டியேரி 48 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 20-17. பேட்ரியாட்ஸின் முதல் கோப்பை.

ஆடலாம் என்ற முடிவு பயிற்சியாளருடையது, எறிந்த கை பிரேடியுடையது. இருபது ஆண்டுகள் அமெரிக்காவின் விளையாட்டு ரசிகர்களைப் பிரித்து வைத்த வழக்கு அந்த 81 வினாடிகளுக்குள்ளேயே முழுதாக அடங்கியிருக்கிறது. 2001 முதல் 2019 வரையிலான பருவங்களில் இருவரும் சேர்ந்து ஒன்பது சூப்பர் பௌல்களுக்குப் போனார்கள், ஆறை வென்றார்கள். அந்த வெற்றி யாருடையது?

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் கேப்டன்தான் ஃபீல்டிங் அமைப்பைத் தீர்மானிக்கிறார். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு நகர்வையும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் குழு தீர்மானிக்கிறது. எதிரணி பந்து வைத்திருக்கும்போது தடுப்பதற்கு ஒரு பதினொருவர், தன்னணி பந்து வைத்திருக்கும்போது தாக்குவதற்கு வேறொரு பதினொருவர். பிரேடி தடுப்பாட்டத்தில் காலே வைப்பதில்லை. ஆனால் தாக்குதலில் கிட்டத்தட்ட ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக் கையில்தான். இரண்டரை, மூன்று வினாடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். இதுவும் போதாதென்று, நியூ இங்கிலாந்தில் பெலிச்சிக் வெறும் பயிற்சியாளராக மட்டும் இருக்கவில்லை. யாரை வாங்குவது, யாரை விடுவிப்பது என்பதிலும் கடைசிச் சொல் அவருடையதாகவே இருந்தது. ஆகவே அவரை எடைபோடும்போது இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான விவாதங்கள் தடம் புரள்வது இதைச் செய்யாததால்தான்.

பிரேடியின் பக்கம் பேசுபவர்கள் முதலில் நீட்டுவது ஒரு கணக்கை. பிளே-ஆஃப் உட்பட, பிரேடி தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ஆட்டங்களில் பெலிச்சிக்கின் கணக்கு 249 வெற்றி, 75 தோல்வி. பிரேடி இல்லாமல் 84 வெற்றி, 103 தோல்வி. இதைப் பார்த்தவுடன் வழக்கு முடிந்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

அந்த 103 தோல்விகளைப் பிரித்துப் பாருங்கள். அதில் 45 தோல்விகள் 1991 முதல் 1995 வரை கிளீவ்லாந்து பிரௌன்ஸில் வந்தவை. உருக்குலைந்த நிலையில் எடுத்துக்கொண்ட அந்த அணியை 1994-இல் 11-5, அதாவது 11 வெற்றி, 5 தோல்வி என்ற நிலைக்குக் கொண்டுவந்து, பிளே-ஆஃபில் ஒரு ஆட்டத்தையும் வென்றார். மறு ஆண்டு பருவத்தின் நடுவில், நவம்பர் மாதம், அணியைப் பால்டிமோருக்குப் பெயர்த்துக்கொண்டு போகப்போவதாக உரிமையாளர் அறிவித்தார். சொந்த ஊர் ரசிகர்களே துக்கத்திலும் கோபத்திலும் இருந்த அரங்கில் அணி நொறுங்கிப்போனது. அடுத்து 2000-இல் பேட்ரியாட்ஸில் முதல் ஆண்டு, 5-11. அங்கும் அணி சீர்குலைந்துதான் கிடந்தது. 84-103 என்ற எண் பொய்யில்லை. ஆனால் அது ஒரு மனிதனின் கற்றுக்கொள்ளும் பருவத்தையும் முதுமையையும் ஒரே கூடையில் போட்டுக் கட்டிய கணக்கு.

உண்மையான சோதனை என்று ஒன்று இருக்குமானால் அது 2008. முந்தைய ஆண்டு பேட்ரியாட்ஸ் 16 ஆட்டங்களில் பதினாறையும் வென்றிருந்தது. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பதுதான் டச் டவுன். பிரேடி 50 டச் டவுன் பாஸ்கள் எறிந்திருந்தார். 2008-இன் முதல் ஆட்டத்தில், முதல் கால் பகுதியிலேயே, அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. பருவம் முடிந்தது. உள்ளே வந்தவர் மேட் காஸல். உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்கக் குவாட்டர்பேக்காக இறங்காதவர். கல்லூரியில் முழுக்க மற்றவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். அவரை வைத்துக்கொண்டு பெலிச்சிக் 11-5 என்று முடித்தார்.

பயிற்சியாளர் தரப்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஆனால் இதே சாட்சி குறுக்கு விசாரணையில் வேறொன்றும் சொல்கிறது. 2007-இல் 589 புள்ளிகள் எடுத்த அணி, ஏறக்குறைய அதே வீரர்களோடு, 2008-இல் 410 எடுத்தது. 16 வெற்றி 11 ஆனது. 11 வெற்றி பெற்றும் பிளே-ஆஃபுக்குப் போக முடியவில்லை. சாதாரண குவாட்டர்பேக்கை வைத்து நல்ல அணியை உருவாக்கப் பெலிச்சிக்குக்குத் தெரியும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. நல்ல அணிக்கும் கோப்பைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதையும் காட்டியது.

முதல் மூன்று கோப்பைகளுக்கு வருவோம். 2001, 2003, 2004 பருவங்கள். இவற்றைப் பிரேடியின் கோப்பைகள் என்று சொல்பவர்கள் அந்த ஆட்டங்களை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் எதிரே நின்ற ராம்ஸ் அந்தப் பருவத்தில் 503 புள்ளிகள் குவித்த அணி. 14 புள்ளி வித்தியாசத்தில் ராம்ஸ் வெல்லும் என்பது பந்தயக் கணக்கு. அதே பருவத்தில் நவம்பரில் பேட்ரியாட்ஸை அது ஏற்கெனவே ஒருமுறை வீழ்த்தியிருந்தது. பெலிச்சிக் அந்தத் தோல்வியிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்: ராம்ஸின் உயிர்நாடி குவாட்டர்பேக் கர்ட் வார்னர் இல்லை, ஓட்டக்காரர் மார்ஷல் ஃபாக். இறுதிப் போட்டிக்கான பயிற்சியில், ஒவ்வொரு நகர்வுக்கும் முன் ஃபாக் எங்கே நிற்கிறார் என்று பார்க்கத் தடுப்பாட்டக்காரர்களைப் பழக்கினார். ஃபாக் பந்தைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஓடத் தொடங்கும்போதே யாராவது ஒருவர் போய் மோத வேண்டும். அந்த மோதலில் அவர் ஓட்டம் அரை வினாடி தாமதித்தால் போதும். ராம்ஸின் பாஸ் திட்டங்கள் அனைத்தும் நேரக் கணக்கில் பின்னப்பட்டவை. ஓர் இழை தளர்ந்தால் நெசவே தளரும். மூன்று கால் பகுதிகள் முடிந்தபோது ராம்ஸ் எடுத்திருந்தது 3 புள்ளிகள்.

அன்று பிரேடி எறிந்த தூரம் மொத்தம் 145 கெஜம். ஆட்டநாயகன் விருது அவருக்குத்தான் போனது. கடைசி ஓட்டத்துக்காக அது நியாயம்தான். ஆனால் அந்தக் கடைசி ஓட்டத்துக்கு வழி அமைத்தது தடுப்பாட்டம். டை லா எதிரணியின் பாஸை இடைமறித்து 47 கெஜம் ஓடி எடுத்த டச் டவுன் இல்லையென்றால் 17-17 என்ற பேச்சுக்கே இடமில்லை.

2003-இல் வேறெந்த அணியையும்விடக் குறைவாக, 238 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்தது பேட்ரியாட்ஸ். அந்தப் பருவம் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, அணித் தலைவர்களில் ஒருவரான லாயர் மிலாய் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள மறுத்தார் என்று அவரை விடுவித்தார் பெலிச்சிக். உடைமாற்றும் அறையே கொதித்தது. மிலாய் சேர்ந்த பஃபலோ பில்ஸ் முதல் ஆட்டத்தில் பேட்ரியாட்ஸை 31-0 என்று துவைத்தெடுத்தது. அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் கடைசியானதும் பஃபலோவுடன்தான். அதில் 31-0 என்று வென்றது பேட்ரியாட்ஸ். பிறகு கோப்பையையும் வென்றது. எந்த நட்சத்திரத்தையும் விலை மீறும் முன் விடுவிப்பது, அந்தப் பணத்தில் மூன்று நல்ல வீரர்களை வாங்குவது, யாரும் இன்றியமையாதவர் இல்லை என்று எல்லோருக்கும் தெரிவிப்பது. அவரது முறை அன்று நிலைபெற்றது. அந்த ஆண்டுகளில் பிரேடி அந்த இயந்திரத்தின் மிக நல்ல பாகம். இயந்திரத்தின் சொந்தக்காரர் பெலிச்சிக்.

பிரேடியைக் கண்டெடுத்ததே பெலிச்சிக்தானே என்று கேட்பார்கள். பாதி சரி. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2000 டிராஃப்டில் 199-ஆவது வீரராக, ஆறாவது சுற்றில் அவரை எடுத்தார்கள். அவருக்கு முன் ஆறு குவாட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். 40 கெஜத்தை 5.28 வினாடியில் ஓடிய, ஒடிசலான உடம்புக்காரர். அவரிடம் என்ன இருக்கிறது என்று பேட்ரியாட்ஸுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால் 198 பேர் போகும்வரை காத்திருந்திருக்க மாட்டார்கள். அவருக்காகப் பரிந்து பேசியவர் குவாட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபைன். பிரேடி தொடக்க ஆட்டக்காரராக இறங்குவதைப் பார்க்கும் முன்பே, 2001 ஆகஸ்டில் ரேபைன் இறந்துபோனார். இந்தக் கதையில் மிகக் குறைவாகப் பேசப்படும் பெயர் அவருடையது.

பெலிச்சிக்கின் பெருமை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. 2001 மார்ச்சில் டுரூ பிளெட்ஸோவுக்குப் பத்து ஆண்டுகளுக்கு 10 கோடியே 30 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தது அணி. செப்டம்பர் 23 அன்று ஜெட்ஸ் வீரர் மோ லூயிஸ் மோதியதில் பிளெட்ஸோவுக்கு உள்காயம் ஏற்பட்டது, பிரேடி உள்ளே வந்தார். நவம்பரில் பிளெட்ஸோ குணமாகித் திரும்பியபோது, கோடிகளில் ஒப்பந்தம் வாங்கிய, உரிமையாளர் ராபர்ட் கிராஃப்டுக்குப் பிள்ளைபோல நெருக்கமானவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஆறாவது சுற்றுப் பையனோடே தொடர்ந்தார் பெலிச்சிக். அன்று அந்தத் துணிச்சல் வேறு எத்தனை பயிற்சியாளர்களுக்கு இருந்திருக்கும்? அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த முடிவு அதுதான் என்று நான் நம்புகிறேன்.

இங்கே கதை திரும்புகிறது. திருப்பியது ஒரு விதி.

2004 ஜனவரியில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸை பேட்ரியாட்ஸ் வீழ்த்திய ஆட்டத்தில், பந்தைப் பிடிக்க ஓடுபவர்களைத் தடுப்பாட்டக்காரர்கள் பிடித்து, தள்ளி, வழி மறித்து, நிலைகுலைய வைத்தார்கள். அதற்குப் பின், நகர்வு தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கெஜத்துக்கு அப்பால் அப்படித் தொடக்கூடாது என்று ஏற்கெனவே இருந்த விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி நடுவர்களுக்கு லீக் அறிவுறுத்தியது. பாஸ் எறிவது எளிதானது. அடுத்தடுத்த ஆண்டுகளில் குவாட்டர்பேக்கைப் பாதுகாக்கும் விதிகளும் இறுகின. ஆட்டம் முழுக்கவே எறிபவர் பக்கம் சாய்ந்தது. பெலிச்சிக்கின் தடுப்பாட்டம் அத்தனை திறமையாக இருந்ததால்தான் தடுப்பாட்டத்தின் மதிப்பே குறைந்தது. பிரேடி போன்றவரின் மதிப்பு ஏறியது.

அதன் விளைவு சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. 2006-இல் சம்பளத் தகராறில், பிரேடியின் பாஸ்களைப் பிடித்துவந்த டியான் பிராஞ்சை சியாட்டிலுக்கு விற்றுவிட்டார் பெலிச்சிக். பிரேடிக்கு மிச்சமிருந்தது ரீஷ் கால்டுவெல் போன்றவர்கள். அந்தப் பருவத்தின் மாநாட்டு இறுதியில், அதாவது சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டத்தில், 21-3 என்று முன்னிலையில் இருந்து, கோல்ட்ஸிடம் 38-34 என்று தோற்றார்கள். ஆளே இல்லாத இடத்தில் நின்ற கால்டுவெல் பந்தை நழுவவிட்ட காட்சி பாஸ்டன்காரர்களுக்கு இன்றும் வலிக்கும். மறு ஆண்டே ராண்டி மாஸும் வெஸ் வெல்கரும் வந்தார்கள், 16-0 ஆனது. 2011-இல் தடுப்பாட்டம் விட்டுக்கொடுத்த கெஜக் கணக்கில் 32 அணிகளில் 31-ஆவது இடம். அந்த அணியும் 13-3 என்று முடித்து சூப்பர் பௌலுக்குப் போனது. எப்படிப் போனது என்பதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு.

2005 முதல் 2013 வரை ஒன்பது பருவங்கள், ஒரு கோப்பைகூட இல்லை. பொதுவாக அணிகள் உதிர்ந்துபோகும் இடம் இது. முதல் கோப்பைகளை வென்ற தடுப்பாட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், விற்கப்பட்டார்கள், ஓய்வு பெற்றார்கள். உதவிப் பயிற்சியாளர்கள் வேறு அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போனார்கள், பெரும்பாலும் தோற்றார்கள். எல்லாம் மாறியபோதும் பேட்ரியாட்ஸ் கிட்டத்தட்ட ஆண்டுதோறும் கோப்பையின் வாசற்படியில் நின்றது. மாறாமல் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. அந்த ஆண்டுகளில் சுமை எந்தத் தோளுக்கு மாறியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. 1994 முதல் ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைய வேண்டும். 2013 தொடக்கத்தில் பிரேடி தன் ஒப்பந்தத்தை 2015 முதல் 2017 வரை மூன்று ஆண்டுகளுக்கு நீட்டினார்: 2 கோடியே 70 லட்சம் டாலர். சில நாள்களில் பால்டிமோரின் குவாட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோ ஆறு ஆண்டுகளுக்கு 12 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். உறுதிப்பணம், முன்பணம் என்று எதைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், பிரேடி சந்தை விலைக்குக் கீழே ஆடினார் என்பது மாறாது. மற்ற அணிகள் குவாட்டர்பேக்குக்குக் கொட்டிய பணத்தில் பெலிச்சிக் இன்னும் இரண்டு, மூன்று நல்ல வீரர்களை வைத்துக்கொண்டார். அவர் வாங்கி விற்ற சாமர்த்தியத்தைப் புகழ்பவர்கள், அந்தச் சாமர்த்தியத்துக்கு முதல் போட்டவர் யார் என்பதைச் சொல்வதில்லை. யாரும் இன்றியமையாதவர் இல்லை என்ற அவருடைய விதி, ஒருவர் மட்டும் இன்றியமையாதவராக இருந்ததால் செல்லுபடியானது.

ஆனாலும் பயிற்சியாளரை ஒதுக்கிவைக்க முடியாது என்பதற்கு 2015 பிப்ரவரி 1 போதும். அரிசோனாவில் சியாட்டில் சீஹாக்ஸுக்கு எதிரான இறுதிப் போட்டி. கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது சீஹாக்ஸ் 24-14 என்று முன்னிலை. புள்ளிகளை விட்டுக்கொடுப்பதில் நாட்டிலேயே மிகக் கஞ்சமான தடுப்பாட்டம் அவர்களுடையது. அதற்கு எதிராகப் பிரேடி அந்தக் கால் பகுதியில் எறிந்த 15 பாஸ்களில் 13 சேர்ந்தன, இரண்டு டச் டவுன்கள். 28-24. இரண்டு நிமிடங்கள் மிச்சம். பிரேடியின் பங்கு அதோடு முடிந்தது. இனி அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க மட்டுமே முடியும்.

சீஹாக்ஸ் கடகடவென்று வந்தது. மார்ஷான் லிஞ்சைத் தடுத்து வீழ்த்தியபோது கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம் பாக்கி. கடிகாரம் ஒரு நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. பெலிச்சிக்கிடம் டைம்-அவுட் இருக்கிறது. எந்தப் பயிற்சியாளரும் அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்துவார். சீஹாக்ஸ் டச் டவுன் எடுத்துவிட்டால் பிரேடி திருப்பி அடிக்க நேரம் வேண்டுமே. பெலிச்சிக் எதிரே நின்ற சீஹாக்ஸ் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஏதோ குழப்பம் தெரிகிறது என்று நினைத்தார். டைம்-அவுட் கேட்டால் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள அவர்களுக்கே நேரம் கொடுத்ததாகும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வினாடிகள் ஓடின.

ஒரு கெஜத்தில் நிற்கும் எதிரணிக்கு முன் எல்லோரும் பருமனான வீரர்களை நிறுத்துவார்கள். பேட்ரியாட்ஸோ பாஸ் பிடிப்பவர்களைத் தடுக்கும் மூன்று மூலைக்காப்பாளர்களை அனுப்பியது. பாஸ் வரலாம் என்று கருதிய அமைப்பு அது. மூன்றாமவராக ஓடிவந்தவர் மால்கம் பட்லர். டிராஃப்டில் யாருமே எடுக்காத, வெஸ்ட் அலபாமா என்ற சிறு கல்லூரியிலிருந்து வந்த புதுமுகம். சீஹாக்ஸ் ஆடப்போகும் அதே நகர்வைப் பயிற்சியில் பேட்ரியாட்ஸ் ஒத்திகை பார்த்திருந்தது. அந்த ஒத்திகையில் பட்லர் அரை வினாடி தாமதித்துத் தோற்றிருந்தார். இப்போது 26 வினாடிகள் இருக்கும்போது நகர்வு தொடங்கியது. பிராண்டன் பிரௌனர் முன்னால் நின்றவரை அசையவிடாமல் மறித்தார். பட்லர் இம்முறை தாமதிக்கவில்லை. பாஸ் கிளம்பும் முன்பே பாய்ந்தார், பந்து அவர் கையில் இருந்தது.

யாருமே கேட்காத ஒருவனைப் பிடித்துவந்தது, எதிரி என்ன ஆடுவான் என்று அவனுக்குப் படம் போட்டுக் காட்டியது, தவறைப் பயிற்சியிலேயே செய்யவைத்துத் திருத்தியது, கடைசியில் எல்லோரும் கத்தும்போது அசையாமல் நின்றது. இத்தனையும் பெலிச்சிக். அந்தக் கோப்பையைச் சரிபாதியாக வெட்டினால்கூட நான் ஒப்புக்கொள்வேன்.

2017 சூப்பர் பௌலில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னிலையில் இருந்து 34-28 என்று தோற்றதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 466 கெஜம் எறிந்த பிரேடியின் இரவு அது. கடைசிக் கோப்பைக்கான 2018 பருவம்தான் சுவாரசியமானது. 2019 ஜனவரியில் கான்சாஸ் சிட்டியில் மாநாட்டு இறுதி, 31-31, கூடுதல் நேரம். முதலில் டச் டவுன் எடுப்பவருக்கே வெற்றி. மூன்று முறை, ஒரே முயற்சியில் பத்து கெஜம் கடந்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. மூன்று முறையும் பிரேடி கடந்தார். மறுபக்கம் பேட்ரிக் மஹோம்ஸ் அந்தக் கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடவே இல்லை. இரண்டு வாரம் கழித்து இறுதிப் போட்டியில், 527 புள்ளிகள் குவித்திருந்த அதே ராம்ஸை, 17 ஆண்டுகளுக்கு முன்பு வந்த அதே பிப்ரவரி 3-ஆம் தேதியில், 3 புள்ளிகளோடு நிறுத்தியது பெலிச்சிக்கின் தடுப்பாட்டம். 13-3. பிரேடி ஒரு டச் டவுன் பாஸ்கூட எறியவில்லை. வாசல் வரை கொண்டுவந்தவர் ஒருவர், வாசலைத் திறந்தவர் இன்னொருவர்.

2020 மார்ச்சில் பிரிந்தார்கள். அதற்குள் பெலிச்சிக்கின் இரண்டாவது வேலை, அதாவது ஆள் தேர்வு, பழுதாகியிருந்தது. 2019-இல் முதல் சுற்றில் நிகீல் ஹாரியை எடுத்தார். அதே டிராஃப்டில் அவருக்குப் பின்னால் போனவர்கள் டீபோ சாமுவேல், ஏ.ஜே. பிரவுன், டி.கே. மெட்காஃப். பந்து பிடிக்க ஆளில்லாத அந்தப் பருவம் டென்னஸி டைட்டன்ஸிடம் 20-13 என்ற தோல்வியில் முடிந்தது. பேட்ரியாட்ஸ் சீருடையில் பிரேடி எறிந்த கடைசி பாஸை எதிரணி இடைமறித்து டச் டவுனாக்கியது.

அடுத்த ஆண்டு டாம்பா பே பக்கனியர்ஸில், 43 வயதில், கான்சாஸ் சிட்டியை 31-9 என்று வீழ்த்திப் பிரேடி தன் ஏழாவது கோப்பையை ஏந்தினார். அந்த அணி 2007-க்குப் பின் பிளே-ஆஃபையே பார்க்காதது. டாம்பா ஏற்கெனவே வலுவான அணிதான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். உண்மை. மைக் எவன்ஸும் கிறிஸ் காட்வினும் இருந்தார்கள். இறுதிப் போட்டியில் மஹோம்ஸை ஒரு டச் டவுனும் எடுக்கவிடாமல் கட்டிப்போட்டது டாட் பௌல்ஸின் தடுப்பாட்டம். ஆனால் முந்தைய ஆண்டு அதே எவன்ஸ், காட்வினை வைத்துக்கொண்டு அந்த அணியின் குவாட்டர்பேக் 30 முறை பந்தை எதிரணியிடம் எறிந்திருந்தார். பிரேடி 12 முறை. இறுதிப் போட்டியில் டாம்பாவின் நான்கு டச் டவுன்களையும் எடுத்தவர்கள் அந்த ஆண்டு அணிக்குப் புதிதாக வந்தவர்கள். அவர்களில் ராப் கிரான்கோவ்ஸ்கி, ஓய்விலிருந்து பிரேடிக்காகவே திரும்பி வந்தவர்.

பிரேடி போனபின் நியூ இங்கிலாந்தில் பெலிச்சிக்கின் நான்கு பருவங்கள்: 7-9, 10-7, 8-9, 4-13. 2022-இல் தடுப்பாட்டத்திலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்த மேட் பட்ரீஷியாவிடம் தாக்குதல் திட்டத்தை ஒப்படைத்தார் பெலிச்சிக். இளம் குவாட்டர்பேக் மேக் ஜோன்ஸ் முளைவிட்ட நிலையிலேயே வாடிப்போனார். தாக்குதலை யார் நடத்தினாலும் பிரேடி சரிசெய்துகொள்வார் என்ற நிலை இருபது ஆண்டுகள் நீடித்ததில், அது தானாக நடப்பது என்று அவர் நம்பிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. 2024 ஜனவரி 11 அன்று அவரும் விடைபெற்றார். மொத்தம் 333 வெற்றிகள். டான் ஷூலாவின் 347-ஐத் தொட 14 குறைவு.

என் தீர்ப்பு இது. முதல் மூன்று கோப்பைகள் பெலிச்சிக்குடையவை. பிரேடி இல்லாமலும், வேறொரு நல்ல குவாட்டர்பேக்கோடு, அவற்றில் ஒன்றையோ இரண்டையோ அவர் வென்றிருப்பார். அப்படி மூன்று, நான்கு ஆண்டுகள் கோலோச்சிய அணிகள் இந்த லீக்கில் பல உண்டு. பேட்ரியாட்ஸை அவற்றிலிருந்து பிரிப்பது இருபது ஆண்டு நீளம். சம்பள உச்சவரம்பும், தோற்ற அணிக்கு முதலில் ஆள் தரும் டிராஃப்டும், யாரும் நீடிக்கக் கூடாது என்றே அமைக்கப்பட்டவை. அந்த லீக்கில் அத்தனை காலம் நீடிக்க வைத்தது பிரேடி. பேரரசு என்று நாம் அதை அழைப்பதே அந்த நீளத்துக்காக என்றால், அந்தப் பெயரில் பெரும் பங்கு அவருடையது.

2021 அக்டோபர் 3 அன்று இரவு, பேட்ரியாட்ஸின் சொந்த மைதானம் இருக்கும் ஃபாக்ஸ்பரோவில் மழை. பிரேடி முதல்முறையாக எதிரணிச் சீருடையில் அந்த மைதானத்துக்கு வந்தார். பெலிச்சிக் அவருக்காகப் பின்னிய தடுப்பாட்டத்துக்கு எதிரே 43 பாஸ்கள் எறிந்தார், ஒன்றுகூட டச் டவுன் ஆகவில்லை. வாழ்நாள் பாஸ் தூரத்துக்கான லீக் சாதனையை அதே இரவில் அவர் கடந்தார். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது, 19-17 என்று பின்தங்கியிருந்த பேட்ரியாட்ஸ் 56 கெஜத்திலிருந்து உதைத்தது. பந்து இடது கம்பத்தில் மோதித் திரும்பியது. களத்தில் இருவரும் ஒரு கணம் அணைத்துப் பிரிந்தார்கள். எல்லோரும் உடைமாற்றப் போனபின், பெலிச்சிக் தன் அரங்கிலேயே விருந்தாளி அணியின் அறைக்கு நடந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருபது நிமிடங்களுக்கு மேல் பிரேடியோடு பேசிக்கொண்டிருந்தார்.